மலையை வெட்டிச் சமைத்த மைதானம்

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் நிறைவேறிய உடன்படிக்கையால் ஒரு ராஜ்யம் முடிவுற்றதையும், மதுரை நாயக்கர் வழியிலே கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடிய அதன் கடைசி மன்னன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அம்மன்னனுடைய சிங்கக் கொடி, 133 ஆண்டுகளின் பின்னர், 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர இலங்கையின் கொடியாக மீண்டும் ஏறிற்று. அதே ஆண்டில் அந்தக் கொடிக்கு உலக அரங்கிலே கீர்த்தி தேடித் தந்த ஒரு கண்டிக் கல்லூரிப் பழைய மாணவரின் சரித்திரத்தை இந்த வாரம் காண்போம்.

கொடி ஏறிய அந்நாளில், சுவிட்சர்லாந்து தேசத்துச் சென் மோரிட்ஸ் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. காந்தியடிகள் டில்லியில் சுடப்பட்டு மறைந்த ஜனவரி 30ஆம் திகதியன்றே தொடங்கி, பெப்ரவரி 8ஆம் திகதி நிறைவுற்ற அப்போட்டிகளே இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு நிகழ்ந்த முதல் ஒலிம்பிக் ஆகும். ஜெர்மனியும் ஜப்பானும் அழைக்கப்படவில்லை; இலங்கையிலிருந்தும் எவரும் செல்லவில்லை. ஆனால் நம்மவர் போகாமைக்கு ராஜரீகக் காரணம் எதுவும் வேண்டியதில்லை; மகாவலி சுற்றியோடும் கண்டியில் மழையும் மூடுபனியும் உண்டேயன்றி, சறுக்கி விளையாட உறைபனி ஏது?

பனிச்சறுக்குப் பந்தயங்களிலே இன்று ரசிகர்களைப் பெரிதும் கவர்கின்ற ஸ்கீ கிராஸ் என்பது அக்காலத்தில் ஒலிம்பிக்கில் இல்லை. வளைவுகளும் மேடுகளும் தாவல்களும் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட சரிவில் நால்வர் ஒருங்கே பாய்ந்திறங்க, முன்வரும் இருவர் மட்டும் அடுத்த சுற்றுக்குச் செல்லும் இந்தப் பந்தயம் 2010இல் வான்கூவர் நகரில்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்று, ஆடவர் பிரிவின் முதல் தங்கப் பதக்கத்தை சுவிட்சர்லாந்தின் மைக்கேல் ஷ்மிட் என்பவருக்கு அளித்தது. பாதையில் இடையூறுகளை நிறுத்தி, அவற்றைக் கடந்தபடியே எதிராளியையும் முந்தவேண்டும் என்று விதிக்கும் இத்தகைய பந்தயத்திற்குத் தரையிலே நேரான உறவு எதுவென்றால், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தையே சொல்லவேண்டும். சறுக்குவோர் நால்வரும் ஒரே தடத்தில் தோளுரசிச் செல்ல, சட்டவேலி ஓட்டக்காரரோ தம் கோட்டுக்குள்ளேயே தனித்து ஓடுகிறார். முதல் வேலி 45 மீற்றர் தூரத்திலும், அதன்பின் ஒவ்வொன்றும் 35 மீற்றர் இடைவெளியிலுமாக நிற்கும் மூன்றடி உயரச் சட்டங்கள் பத்தையும் தாண்டிய பிறகும், மூச்சு அடங்கும் அந்தக் கடைசி 40 மீற்றர் அவருக்கு மிச்சமிருக்கும்.

அந்தப் பந்தயத்திலே இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் டங்கன் வைட். 1918 மார்ச் 1ஆம் திகதி களுத்துறைப் பகுதியைச் சேர்ந்த லத்பந்துர என்னும் ஊரில் பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியிலே பயின்றவர். உடைக்குப் பங்கீட்டு அட்டை இன்னும் நீங்காத லண்டன் மாநகரில், அக்காலத்தில் நாய்ப் பந்தயம் நடந்துவந்த வெம்பிளி அரங்கத்திலே புதிதாகக் கரித்தூள் தடம் போட்டு 1948 கோடையில் நடத்தப்பட்ட ஒலிம்பிக்கில், சுதந்திரம் பெற்று ஆறு மாதமே ஆன நாட்டின் சின்னஞ்சிறு அணியோடு அவர் நின்றார். ஜூலை 31ஆம் திகதி நடந்த இறுதிப் பந்தயத்தில் அமெரிக்கரான ரோய் கொக்ரன் 51.1 வினாடியில் முந்தி ஒலிம்பிக் சாதனையை நிலைநாட்ட, வைட் 51.8 வினாடியில் இரண்டாம் ஸ்தானத்தையும், சுவீடனின் ரூன் லார்சன் 52.2 வினாடியில் மூன்றாம் ஸ்தானத்தையும் அடைந்தனர். அன்று ஆறாவதாக வந்த இத்தாலியர் ஒத்தாவியோ மிஸ்ஸோனி, பிற்காலத்தில் ஆடைக் கலையிலே உலகப் பிரசித்தி பெற்றார் என்பது ஒரு சுவையான உபகதை. 1950இல் ஒக்லாந்து நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுகளிலே 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் வைட் தங்கமும் வென்றார்.

அதன்பின் இலங்கைக்கு மற்றோர் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 52 ஆண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பெற்ற வெண்கலமே அது; பின்னர் அது வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அபூர்வமான தனித் திறமை என்று வைட்டின் வெற்றியைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆயினும் திறமைக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும் என்பதையும் கண்டியின் நில அமைப்பு நமக்கு உணர்த்துகிறது. எத்திசை நோக்கினும் குன்றாகவே இருக்கும் இந்நகரில் சமதரை என்பது இயற்கை தந்ததன்று, மனிதன் வெட்டிச் சமைத்தது. அஸ்கிரிய மைதானம் இதற்குச் சாட்சி: திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை விளங்கிய ஏ. ஜி. ஃபிரேசர் பாதிரியாரின் காலத்தில் மலைச்சரிவை வெட்டி நிரவி, 1915இல் திறக்கப்பட்ட அந்த மைதானமே பிற்காலத்தில், 1983இல், சர்வதேச டெஸ்ட் கிரிக்கெட்டுக்கும் களமாயிற்று. இத்தகைய வசதியோடு கூடிய கல்லூரி ஒன்று இருந்தமையாலேயே ஒரு மாணவரின் கால்களிலிருந்த வேகம் உலகத்திற்குத் தெரியவந்தது.

இதே மலைகளின் மறுபுறங்களில், தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவ்வாறு நிரவிய தரை எங்கே இருந்தது? கொழுந்து வளரும் சரிவில் ஓர் அங்குல நிலத்தையும் விளையாட்டுக்கென ஒதுக்க எந்தத் துரைக்கும் மனம் வராத காலம் அது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். வைட் வெள்ளி வென்ற அதே 1948ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. நாட்டுக்காக ஓடுவதற்கு முன்னர், அந்த நாட்டின் பிரஜை என்ற பெயரே அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

பனி இல்லாமையால் நாம் சென் மோரிட்ஸ் போகவில்லை. அது இயற்கையின் செயல், அதற்கு வருந்த வேண்டியதில்லை. லயத்துப் பிள்ளை ஒருவன் வெம்பிளிக்குப் போகாததோ மனிதர் செய்த ஏற்பாட்டின் விளைவு. ஆகவே டங்கன் வைட்டின் வெள்ளிப் பதக்கத்தை இலங்கையர் அனைவரும் அபிமானத்தோடு கொண்டாடும் அதே நேரத்தில், அந்தப் பந்தயத்தின் ஆரம்பக் கோட்டுக்கே வரமுடியாமல் போனவர்களின் கணக்கையும் சரித்திர ஆசிரியன் எழுதியே ஆகவேண்டும்.

அடுத்த இதழில், அந்தப் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டு இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம் வரையிலான 55 ஆண்டுகளைப் பார்ப்போம்.