நம் முன்னோர் துயிலும் இடம்

ஜூபிலியை முன்னிட்டு வெளியூர்களிலிருந்து வரும் பங்கு மக்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எங்கள் பாட்டனார் எந்த வருஷம் இறந்தார்? எங்கே அடக்கம் செய்தார்கள்?" ஆண்டுப் பூசைக்கு நாள் தெரியவேண்டும். நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் தெரியவேண்டும். கேள்வி எளிது, பதில் எளிதன்று.

வீரமாமுனிவருக்கே இந்நிலை நேர்ந்தது. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பி, தேம்பாவணி பாடிய அப்பெரியார், 1742-இல் மணப்பாட்டில் மரித்தார் என்று பழைய வரலாறுகள் சொல்லிவந்தன. பின்னர் சேசு சபையின் ஏடுகளை ஆராய்ந்தவர்கள், அவர் 1747 பெப்ருவரி 4-ஆம் நாள் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் உயிர்நீத்தார் என்று கண்டார்கள். (1693-இல் ஓரியூரில் அருளானந்தர் வேதசாட்சியாக மரித்ததும் ஒரு பெப்ருவரி 4-ஆம் நாளே.) ஆண்டும் பிழை, ஊரும் பிழை, ஏடுதான் திருத்தியது. முனிவருக்கு ஆராய்ச்சியாளர் இருந்தனர். நம் பாட்டனாருக்கு நாம்தான் இருக்கிறோம்.

ஞானஸ்நான, விவாகப் புத்தகங்களோடு மரித்தோர் புத்தகமும் ஒவ்வொரு பங்கிலும் எழுதப்பட வேண்டும் என்பது 1614-இல் ஐந்தாம் சின்னப்பர் பாப்பரசர் வெளியிட்ட சடங்கு நூலின் கட்டளை. இறந்த நாள், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, கடைசித் தேவதிரவிய அனுமானங்கள் பெற்றாரா, எந்தக் கல்லறையில் அடக்கம், குருவானவர் கையொப்பம் — ஒரு பதிவில் இவ்வளவும் இருக்கக்கூடும். ஆனால் பழைய பதிவுகளில் பல இலத்தீனில் உள்ளன. ஆகவே இராயப்பனைத் தேடுகிறவர் பேத்ருஸ் என்ற பெயரையும் பார்க்கவேண்டும். சின்னப்பன் பவுலுஸ் ஆவார், அருளப்பன் யோவான்னெஸ் ஆவார், சந்தியாகு யாக்கோபுஸ் ஆவார். வீட்டில் கூப்பிட்ட பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தால் புத்தகம் வாய் திறக்காது.

இன்னொரு சிக்கல் நம் தஞ்சைத் தரணிக்கே உரியது. போர்த்துகீசருக்குட்பட்ட மயிலாப்பூர் அதிகாரமும், உரோமையின் நேரடி அதிகாரத்திலிருந்த குருக்களின் அதிகாரமும் இங்கே நெடுங்காலம் அருகருகே நடந்தன. 1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் புதுவையிலிருந்தும், 1952-இல் தஞ்சை மறைமாவட்டம் மயிலாப்பூரிலிருந்தும் பிரிந்தன. ஆகையால் நம் கோவிலில் பதிவு இல்லையென்றால் கைவிட்டுவிடாமல், அடுத்த ஊர்ப் பழைய கோவிலையும் கேட்கவேண்டும்.

அரசாங்கப் பதிவும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது; கிராமங்களில் ஊர் அதிகாரி எழுதிவந்தார். 1980-இல் அப்பதவி நீங்கி, பின்னர் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களோ இங்கே எந்த ஏட்டிலும் அகப்படமாட்டார்கள். அவர்களை அந்த நாட்டுக் கோவில்களில் தேடவேண்டும். சிங்கப்பூரில் 1888-இல் எழுந்த லூர்து மாதா கோவில் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டதே.

பதிவு கிடைத்தாலும் குழி கிடைப்பது அரிது. நம் வண்டல் மண்ணில் எழுப்பிய மண்மேடு சில மழைக்காலங்களில் தரையோடு தரையாகிறது; மரச்சிலுவையைக் கரையான் தின்கிறது; அதே இடத்தில் மற்றொருவருக்குக் குழி வெட்டப்படுகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அது வெட்கக்கேடு. ஆயினும் தேடுகிறவர் எந்தப் பக்கம் போவது என்று அறிய அந்த விவரமும் வேண்டியிருக்கிறது.

இன்னார் பக்கத்தில் இன்னார், வேப்பமரத்துக்கு மேற்கே என்று விரல் நீட்டிச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொரு பங்கிலும் சிலரே மிஞ்சியிருப்பார்கள். இந்த ஜூபிலி ஆண்டிலேயே அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போய், அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். ஒன்றைப் பங்கு சுவாமியாரிடம் கொடுத்துவைப்போம்.