எண்ணிக்கையும் எண்ணப்படாதோரும்

பாடசாலையிலே வரவுப் பதிவேடு என்றொன்று உண்டு. நாற்பது மாணவர் உள்ள வகுப்பிலே முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தனர் என்று அது கூறும். அவருள் பாடத்தைக் கேட்டவர் எத்தனை பேர், சாளரத்துக்கு வெளியே பார்த்திருந்தவர் எத்தனை பேர் என்பதை அது கூறாது. ஆயினும் மேலிடம் கேட்பது அந்தப் பதிவேட்டையே. இதனை நெடுங்காலம் கண்டு பழகிய ஒருவருக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சியிலே எண்ணிக்கை பெற்ற அதிகாரம் வியப்பைத் தராது. அவ்வதிகாரம் எவ்வாறு வளர்ந்தது, யாரைக் கைவிட்டது என்பதையே நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

கடைகளிலே எப்பண்டம் எவ்வளவு விற்பனையாகின்றது என்று கணித்துக் கொடுக்கும் தொழிலை நடத்தியவர் ஆதர் நீல்சன். அவர் 1936 ஆம் ஆண்டிலே, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் இருவர் ஆக்கிய ஒரு கருவியை விலைக்கு வாங்கினார். வானொலிப் பெட்டியுடன் அதனைப் பொருத்திவிட்டால், எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்கப்பட்டது என்பதை அது தானே பதிந்து வைக்கும். 1950 ஆம் ஆண்டிலே இவ்வளவீடு தொலைக்காட்சிக்கும் வந்தது. பதிவாகிய படச்சுருளை வீட்டார் தபாலில் அனுப்புவர். புதிய சுருளைப் பொருத்தியதும் கருவியிலிருந்து இரண்டு கால் டொலர் நாணயங்கள் வெளியே விழும். அக்காலத்திலே இவ்வாறு அளக்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 1,200 மாத்திரமே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் கண்ட உண்மையாதலின், தொகை சிறிதென்று நாம் குறைகூற வேண்டியதில்லை. குறை வேறிடத்திலே இருந்தது. பெட்டி திறந்திருந்தது என்பதைக் கருவி அறியும். அதன் முன் இருந்தவர் பாட்டியா, பேரனா, வீட்டுப் பூனையா என்பதை அறியாது. அதனை அறிய வேறு சில வீடுகளுக்கு நாட்குறிப்பேடு கொடுத்தனர்.

எண்ணிக்கை ஒரு நிகழ்ச்சியின் தலைவிதியை எழுதியதற்கும், மனிதர் ஒருவர் அவ்வெழுத்தை அழித்ததற்கும் 'கன்ஸ்மோக்' சான்றாகும். 1955 ஆம் ஆண்டிலே சி. பி. எஸ். நிறுவனம் தொடங்கிய இம் மேற்குப்புறக் கதை, 1957 முதல் 1961 வரை நாட்டிலே முதலிடத்தில் நின்றது. பின்னர் படிப்படியாகத் தாழ்ந்து, 1966-67 பருவத்தில் முதல் முப்பதுக்குள்ளும் இல்லாதாயிற்று. அதிகாரிகள் அதனை நிறுத்த முடிவு செய்தனர். நிறுவனத் தலைவர் வில்லியம் பேலிக்கு அம் முடிவு உவப்பாயில்லை; அவர் மனைவிக்கும் அக்கதையிலே பிரியம் உண்டு என்பர். முடிவு மாற்றப்பட்டது. இடமளிக்க வேண்டி, தொடர இருந்த 'கில்லிகன்ஸ் ஐலன்ட்' என்ற நகைச்சுவைத் தொடர் கைவிடப்பட்டது. சனி இரவு பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த 'கன்ஸ்மோக்' திங்கள் மாலை ஏழரை மணிக்கு மாற்றப்பட்டது. அடுத்த பருவத்திலேயே அது நான்காம் இடத்தைப் பிடித்தது! கதை அதுவே, நடிகரும் பெரும்பாலும் அவரே. சிறுவர் உறங்கச் செல்லுமுன் வீட்டார் கூடியிருக்கும் நேரம் ஒன்றே புதிது. இருபது பருவங்களை நிறைவு செய்து, 1975 ஆம் ஆண்டிலேதான் அது ஓய்ந்தது.

இதற்கு மாறான கதி 'ஸ்ரார் ட்ரெக்' தொடருக்கு நேர்ந்தது. என். பி. சி. நிறுவனம் 1966 இல் தொடங்கிய இதனைக் காக்க, நேயர்கள் எழுதிய கடிதங்கள் 1968 தொடக்கத்திலே ஓர் இலட்சத்தைத் தாண்டின. தொடர் நீடிக்கப்பட்டது. ஆனால் கொடுக்கப்பட்ட நேரம் வெள்ளி இரவு பத்து மணி. அதனை விரும்பிய இளைஞர் வீட்டில் தங்காத வேளை. 1969 இல் அது முடிந்தது.

இனி, 1971 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு நிகழ்ந்ததை நான் சற்று மனக்கசப்புடனேயே படித்தேன். அதுவரை தலைகளின் தொகையே பெரிதாயிருந்தது. அறுபதுகளிலே விளம்பரகாரர் வேறொரு வினாவை எழுப்பலாயினர்: பார்ப்பவர் எத்தனை பேர் என்பதன்று, எத்தகையோர்? நகரத்து இளங் குடும்பம் புதுப் பண்டங்களை வாங்கும். கிராமத்து முதியவர் பழகிய பண்டத்தை விடார் என்பது அவர்கள் கணக்கு. சி. பி. எஸ். நிறுவனத்துக்குச் சொந்தமான நிலையங்களோ நியூயோர்க், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற மாநகரங்களில் இருந்தன. அங்கே நாட்டுப்புற நிகழ்ச்சிகளுக்கு ஆதரவு குறைவு. அவ்வாண்டு சனவரியிலே சிகரெட் விளம்பரங்களும் சட்டத்தால் நின்று, வருவாயும் குன்றியது.

நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பகுதித் தலைவர் ரொபட் வூட் என்பவரும், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பிரெட் சில்வர்மன் என்பவரும் துணிந்து செயற்பட்டனர். 1962 இல் தொடங்கி முதலிரு பருவங்களிலும் முதலிடம் வகித்த 'பெவர்லி ஹில்பில்லீஸ்' நிறுத்தப்பட்டது. 'கிறீன் ஏக்கர்ஸ்', 'ஹீ ஹோ' ஆகியனவும் சென்றன. அப்பருவத்திலும் முதல் இருபதுக்குள் நின்ற 'மேபெறி ஆர். எவ். டி.' கூடத் தப்பவில்லை. 1948 முதல் ஞாயிறுதோறும் வந்த எட் சலிவனின் நிகழ்ச்சியும் முடிவுற்றது. தோல்வியால் நீக்கப்படுதல் உலக வழக்கு. இவற்றுட் சில, பார்ப்போர் மிகுந்திருக்கவே நீக்கப்பட்டன. பண்ணை வீட்டிலே மாலை வேலை முடித்து அமர்ந்த முதியவரும் ஒரு தலையாகவே எண்ணப்பட்டார்; விலை மட்டும் குறைவு.

நீக்கியவர் மூடர் என்று கூறிவிடவும் முடியாது. அதே ஆண்டு சனவரியில் தொடங்கிய 'ஓல் இன் த பமிலி', இனவெறுப்பையும் தலைமுறைப் பிணக்கையும் வீட்டுக் கூடத்திலே வைத்துப் பேசிற்று. தொடக்கத்தில் அதனைப் பார்த்தவர் சிலரே. பொறுத்திருந்து மீண்டும் ஒளிபரப்பினர், பரிசுகளும் கிடைத்தன, பின்னர் தொடர்ந்து ஐந்து பருவங்கள் அது முதலிடத்தில் நின்றது. 1972 இல் வந்த 'மாஷ்' தொடரின் இறுதிப் பகுதியை, 1983 பெப்ரவரி 28 ஆந் திகதி, பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டவர்களே, சில வேளைகளில் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாது காத்திருந்தனர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

கைவிடப்பட்ட 'ஹீ ஹோ' என்னவாயிற்று? 1971 இலையுதிர் காலத்திலே அரசாங்க ஆணைக்குழுவின் விதியொன்று, மாலை நேரத்தில் ஒரு பகுதியைப் பெரிய நிறுவனங்களிடமிருந்து பெற்று ஊர் நிலையங்களுக்கு விட்டது. அவ்வெற்றிடத்தை நிரப்ப நிகழ்ச்சிகள் வேண்டியிருந்தன. 'ஹீ ஹோ'வைத் தயாரித்தோர், ஒவ்வொரு நிலையத்துக்கும் அதனை நேரே விற்றனர். மரம் நட்ட முற்றத்தையும் பான்ஜோ இசையையும் விரும்பியோர் அதனை மீண்டும் கண்டுகொண்டனர். நீக்கியவர்கள் வேறு நிறுவனங்களுக்குச் சென்ற பின்னும், அது இருபது ஆண்டுகள் நடந்தது.