சட்டைக் காலரும் மல்யுத்தக் களமும்

விளையாட்டு விதிகளையும் வரலாற்று ஆவணங்களாக வாசிக்க இயலும். ஒரு விதி எந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்பதை அதன் சொற்களே பெரும்பாலும் சொல்லிவிடும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்த விதிகள் இதற்கு நல்ல சான்று.

தோல் குறித்த விதிகளை எடுத்துக்கொள்வோம். 1989இல் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த பயிற்சி முகாமொன்றில், 175 மாணவர்களுள் 60 பேருக்கு ஹெர்பிஸ் தொற்று பரவியது. உடலோடு உடல் உரசும் ஆட்டத்தில் ஒருவரின் கொப்புளம் மற்றவரின் கண்ணுக்கே கேடாகலாம். ஆகவே போட்டிக்கு முன் தோலையும் நகத்தையும் சோதிப்பதிலும், ஐயத்துக்குரிய புண்ணுக்கு மருத்துவரின் கையொப்பம் கேட்பதிலும் நியாயம் உண்டு.

எடை விதிகளின் பின்னணி இன்னும் துயரமானது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கல்லூரி மல்லர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். குறைந்த எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காகக் கடுமையாக வியர்த்து, உடலின் நீரை வெளியேற்ற முனைந்தவர்கள் அவர்கள். கல்லூரி விதிகள் விரைவிலேயே மாறின. 2006-07 பருவத்தில் பள்ளிகளுக்கும் எடைக் கட்டுப்பாட்டுத் திட்டம் கட்டாயமாயிற்று. உடற்கொழுப்பு மாணவர்க்கு 7, மாணவியர்க்கு 12 விழுக்காட்டுக்குக் கீழே செல்லக்கூடாது என்று வரையறுத்தனர்.

இவற்றின் அருகிலேயே நெடுங்காலம் மற்றொரு விதியும் இருந்தது. இயல்பான நிலையில் முடி, பின்புறம் சாதாரணச் சட்டையின் காலருக்கும், முன்புறம் புருவத்துக்கும் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் உறை அணியவேண்டும். நீண்ட முடி களத்தில் இடையூறு தரலாம் என்பது உண்மையே. ஆனால் மல்லர் அணிவது காலரே இல்லாத உடை. இந்த அளவுகோல் களத்தில் பிறந்ததன்று; ஒழுங்கான மாணவன் எப்படித் தோன்றவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. எந்த முடி 'இயல்பானது' என்ற தீர்ப்போ நடுவரின் கண்ணிடம் விடப்பட்டது.

அதன் விளைவை 2018 டிசம்பர் 19 அன்று நியூ ஜெர்சியில் பலர் கண்டனர். சடைத்திரிகள் வைத்திருந்த கறுப்பின மாணவர் ஒருவர் கொண்டுவந்த உறை விதிக்கு ஒவ்வாதது என்றார் நடுவர். முடியை வெட்டவேண்டும், அல்லது தோல்வியை ஏற்கவேண்டும். பார்வையாளர்கள் முன்னிலையில், களத்தின் ஓரத்திலேயே கத்தரிக்கோல் இயங்கியது. அம்மாணவர் கூடுதல் நேரத்தில் வென்றார். வெற்றியின் களிப்பு அவர் முகத்தில் இல்லை.

நடுவர் இரு பருவங்களுக்கு விலக்கப்பட்டார். சரியாக ஓராண்டுக்குப் பின், 2019 டிசம்பர் 19 அன்று, முடியமைப்பின் பெயரால் இனப்பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அம்மாநிலத்தில் கையொப்பமானது. 2021-22 பருவத்தில் முடி நீளத்துக்கான வரம்பே தேசிய விதிநூலிலிருந்து நீங்கியது.

தோல் சோதனையும் எடை வரம்பும் நீடிக்கின்றன. அவற்றை நீக்கினால் யாருக்குத் தீங்கு நேரும் என்று சுட்டிக்காட்ட முடியும். காலர் அளவு போனபின் மல்யுத்தம் இழந்தது எதுவுமில்லை. காப்பதற்கென்று சொல்லப்படும் ஒவ்வொரு விதியிடமும், அது யாரை எதிலிருந்து காக்கிறது என்று கேட்டுப்பார்ப்பது நல்லது.