பூட்டிய வீடுகள்

காரைக்காலின் பழைய தெருக்களில் நம்மை நின்று பார்க்கவைக்கும் வீடுகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. நீண்ட திண்ணை, மரத்தூண்கள், வானம் பார்த்த முற்றம், தேக்கு உத்தரங்களின்மீது செங்கல்லும் சுண்ணாம்புமிட்ட தளம்! கடல் வாணிபத்தில் பொருளீட்டிய நம் முன்னோர் இப்படித்தான் கட்டினர். அவற்றுள் பலவற்றில் இன்று தொங்குவது பூட்டு.

காரணம் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1962-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. அவ்வாறு தேர்ந்தோரின் மக்களும் பேரர்களும் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். வீட்டின் பங்கு மட்டும் இங்கே இருக்கிறது.

ஷரீஅத் வகுத்த பங்குமுறையைக் குறைகூறுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. பங்கை உரிய காலத்தில் பிரிக்காமல் மூன்று தலைமுறை போட்டுவைப்பது நம் சோம்பலன்றி வேறென்ன? முப்பது பேர் கையொப்பமிட்டால்தான் ஓர் உத்தரத்தை மாற்றலாம் என்றால், அந்த வீடு விற்பனைக்குத்தான் போகும், வாங்குபவர் இடிப்பார்.

இங்கிலாந்தின் பெருமாளிகைகளுக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கே வாரிசுரிமை வரியின் சுமை தாங்காமல் நூற்றுக்கணக்கானவை இடிக்கப்பட்டன. மாளிகையை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தார் அதிலேயே வாழ 1937-இல் சட்டம் வழி செய்தது. லோதியன் பிரபு 1940-இல் காலமானபோது அவரது பிளிக்ளிங் மாளிகை அப்படித்தான் பிழைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரி வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு உரிமையாளர்களோடு சேர்ந்து வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அதே நகரில், பராமரிப்பின்றி விடப்பட்ட மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் சரிந்தது. பழைய சாயலில் மீண்டும் எழுப்பி 2021-இல்தான் திறந்தார்கள்.

பழுதுபார்ப்பதாக எண்ணிச் சிமெண்டு பூசுவோரும் உளர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்து, சுவருக்குள் செருகிய உத்தர முனையை உளுக்கச் செய்யும். உப்புக்காற்று வீசும் நம் கரையில் இது விரைந்தே நடக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைந்து, தளத்தின் விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்கலாம். அதற்குப் பாரிசிலிருந்து யாருடைய கையொப்பமும் வரவேண்டியதில்லை.