ஜீப்பின் இரண்டாவது கியர்ப்பெட்டி

விருத்தாசலத்திற்குக் கிழக்கே நெய்வேலிச் சாலையில் செல்பவர்கள் செம்மண் மேட்டையும் முந்திரித் தோப்புகளையும் காண்பார்கள். மேற்கே திட்டக்குடிப் பக்கம் திரும்பினாலோ, ஒரு நல்ல மழைக்குப் பின் வண்டிச் சக்கரத்தை அச்சு வரைக்கும் விழுங்கிவிடக்கூடிய கரிசல் பூமி வந்துவிடும். 1952 அக்டோபர் 2ஆம் தேதி தேசத்தில் தொடங்கப்பெற்ற சமுதாய அபிவிருத்தித் திட்டமும், பின்னர் ஏற்பட்ட பஞ்சாயத்து யூனியன்களும் இத்தகைய கிராமங்களுக்கு உத்தியோகஸ்தர்களை அனுப்பியபோது, அவர்களைச் சுமந்து சென்ற வாகனம் ஜீப்பே. சர்க்கார் என்பது பல கிராமங்களுக்கு முதன்முதலில் வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ.வின் ஜீப்பாகவே கண்ணுக்குத் தெரிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த வாகனம் சமாதான காலத்துப் பிறவியன்று. 1940இல் அமெரிக்க ராணுவம் விடுத்த அழைப்பை ஏற்று பாண்டம் கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுக்க, வில்லீஸ், ஃபோர்டு கம்பெனிகள் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து குவித்தன. 1945இல் மஹிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கி, கூட்டாளியான குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகச் சென்றபின் 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய கம்பெனி, வில்லீஸின் உறுப்புகளை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, நாளடைவில் முழு வாகனத்தையும் இங்கேயே செய்யலாயிற்று.

சாதாரண மோட்டார் வண்டிகளில் இல்லாததும், ஜீப்புக்கு உயிரானதுமான உறுப்பு ஒன்று உண்டு. அதுவே ட்ரான்ஸ்பர் கேஸ். வில்லீஸ் ஜீப்பில் அமைந்த ஸ்பைசர் 18 என்னும் வகை, கியர்ப்பெட்டியின் பின்புறம் ஒட்டியிருந்து, என்ஜினின் சக்தியை வலப்புறமாக ஒதுக்கி இறக்கி, முன்னும் பின்னுமாக இரு தண்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கும். ஆகவே டிரைவரின் கைக்கு வழக்கமான கியர் லீவரோடு இன்னும் இரண்டு லீவர்கள் உண்டு: ஒன்று முன்சக்கரங்களை இணைக்க, மற்றொன்று ஹை, லோ என்னும் இரு வேக விகிதங்களை மாற்ற. முன்சக்கரங்களை இணைக்காமல் லோ விழாதபடி உள்ளே ஒரு தடையும் வைத்திருக்கிறார்கள். லோவில் பெருகும் முழு முறுக்கு விசையையும் பின்னச்சு ஒன்றே தாங்கி முறிந்துவிடக் கூடாதென்பதே அதன் நோக்கம்.

வயதான ஜீப்களில் இப்பெட்டிக்கு வரும் பிரசித்தமான வியாதி ஒன்று உண்டு. "லோ போட்டா நிக்க மாட்டேங்குது, தானா நியூட்ரலுக்கு வந்துடுது" என்று டிரைவர் முறையிடுவார். இது அசௌகரியம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். சரிவில் இறங்கும் வண்டியை என்ஜின் பிடித்து நிறுத்தும் பலம் அக்கணமே அற்றுப்போகும். கியரை மாத்திரம் நம்பி மேட்டில் நிறுத்திய வண்டி உருண்டோடும். கைபிரேக்கை இப்பெட்டியின் பின்தண்டிலேயே, கியர்களுக்கு அப்பால் வைத்தவர்களின் தீர்க்கதரிசனம் அப்போது விளங்கும். பெட்டி நியூட்ரலுக்கு வந்தாலும் அது பிடிக்கும்.

தேர்ந்த மெக்கானிக் இந்த முறையீட்டைக் கேட்டவுடன் ஸ்பானரை எடுப்பதில்லை. ஏற்றத்தில் இழுக்கும்போது கழல்கிறதா, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதா, ஹையிலா, லோவிலா என்று விசாரிப்பார். பிறகு லீவர் தன் முழுத் தூரமும் செல்கிறதா, தரைத் தகட்டில் இடிக்கிறதா, பெட்டியைத் தாங்கும் ரப்பர் நைந்து என்ஜினும் பெட்டியும் சேர்ந்து ஆடுகின்றனவா என்று வெளிப்புறத்தை முடித்த பின்பே உள்ளே செல்வார். வடித்த ஆயிலை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, இரும்புத்தூள் நெருடினால் பற்களோ பேரிங்குகளோ தேய்ந்தன என்று ஊகிப்பார்.

உள்ளே, கியரை நகர்த்தும் ஃபோர்க்கைத் தாங்கும் தண்டில் சிறு பள்ளங்கள் உண்டு. ஸ்பிரிங் ஒன்று தள்ள, ஓர் எஃகுக் குண்டு அப்பள்ளத்தில் அமர்ந்து தண்டை நகராமல் காக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் பள்ளத்தின் விளிம்பு மழுங்கினாலும் காவல் போய்விடும். ஆனால் குண்டு காவலனே. பாரத்தைத் தாங்குவது பற்கள். அவை ஓரத்தில் சாய்வாகத் தேய்ந்துவிட்டால், இழுக்கும் பலமே கியரைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். நடுத்தண்டின் ஊசிப் பேரிங் தேய்ந்து கியர் சாய்ந்தாலும், பின்தண்டின் முன்பின் அசைவு அளவு மீறினாலும் அதுவே கதி. அவ்வசைவு 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பின்மூடியின் கீழ் வைக்கும் மெல்லிய ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் அதைச் சரிசெய்வார்கள். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வாஷரை வைத்து இறுக்கி வண்டியை அனுப்பிவிடுவது சுலபம். அது வியாதியை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கு, வியாதியின் காரணத்தை முறையாகத் தேடும் இந்த நெறி புதிதன்று. சூளையில் விரிசல் கண்ட பாத்திரத்துக்கு நெருப்பை மட்டும் பழிக்காமல், மண்ணின் கலவையையும் உலர்த்திய விதத்தையும் முறையே ஆராய்பவனே தேர்ந்த தொழிலாளி. ஜீப்பைச் செப்பனிட்டவர்களும் அதே நெறியில் நின்றே, அந்நிய யுத்தத்துக்காகப் பிறந்த ஒரு யந்திரத்தை நம் வயல்வரப்புகளுக்கு உரியதாக்கினார்கள். கிராம அபிவிருத்தியின் சரித்திரத்தை எழுதுவோர் திட்டங்களையும் தொகைகளையும் குறித்ததோடு நின்றுவிடுகிறார்கள். அத்திட்டங்களைச் சேற்றில் நிற்காமல் ஓடச் செய்தவர்களின் வித்தையும் அதில் ஓர் அத்தியாயமாக வேண்டும். காரணத்தை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகத் தேடும் அப்பழக்கத்தைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடமாகவே வைப்பது, அவர்களுக்கு நாம் செய்யும் தக்க மரியாதையாகும்.