வாராக்கடன்: பாத்திரமேற்பு ஆட்டங்களில் சாவின் கணக்கு

சாலைக் கம்போளத்துப் பழைய கடைகளில் கணக்கு எழுதியவர்களுக்கு ‘வாராக்கடன்’ என்ற சொல் நன்றாகப் பழக்கம். கடன்பட்டவர் காலமானால் மகன் கட்டுவார். மகனும் கைவிரித்தால் பேரேட்டில் அந்தப் பெயருக்கு நேரே வாராக்கடன் என்று எழுதி மூடிவிட வேண்டியதுதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த இந்தத் திருவனந்தபுரத்துக் கடைத்தெருவின் சொல்லைக் கணினி ஆட்டங்களுக்குப் பொருத்துவது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். ஆனால் ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்களின் அரை நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்தால், சாவு அங்கே முதலில் நுழைந்தது ஒரு செலவினமாகத்தான். அந்தச் செலவை யார் பெயரில் எழுதுவது என்று ஒரு ஆட்டம் நேருக்கு நேர் கேட்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நடந்ததைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சாவும் மீட்சியும் நம் திண்ணை ஆட்டங்களுக்குப் புதிதல்ல. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளி வெட்டினால் வெளியேறும். மறுபடி தாயம் போட்டு இறக்கலாம். கட்டமெல்லாம் சுற்றி முடித்தால் அது பழம். பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு, விடுதலை நான்கும் தரையில் சாக்கட்டியால் கிழித்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனாலும் வெட்டுப்பட்ட காய்க்காக யாரும் துக்கம் கொண்டாடியதில்லை. புளியங்கொட்டைக்கு ஏது பெயர்? காய்க்குப் பெயர் வைக்கத் தொடங்கியபோதுதான் சிக்கலும் தொடங்கியது.

அந்தப் பெயர்சூட்டு விழா அமெரிக்காவில் நடந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் சேர்ந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே ஆர்னசன் தன் நண்பர்களை வைத்து ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை உலகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். படைப்பிரிவுகளை நகர்த்தும் பழைய போர் ஆட்டங்களில் பகடை ஒருமுறை உருண்டால் ஒரு வீரன் காலி. தனக்கென ஒரு பெயர் வைத்து, வாரக்கணக்கில் வளர்த்த பாத்திரம் அப்படி ஒரே உருட்டில் போவதை நண்பர்கள் பொறுக்கவில்லை. அரக்கனை ஒரே அடியில் சாய்ப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அரக்கன் தங்களைச் சாய்ப்பதில்தான் ஆட்சேபம். ஆர்னசன் தான் முன்பு எழுதிவைத்திருந்த இரும்புக் கவசக் கப்பல் போர் ஆட்டத்திலிருந்து ஒரு விதியை எடுத்து வந்தார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, இத்தனை அடி தாங்கும் என்று ஒரு எண் உண்டு. அந்த எண் மனிதனுக்கு வந்தபோது ‘ஹிட் பாயின்ட்’ ஆயிற்று.

சாலைக்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று புன்னகைக்கலாம். ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்த செய்தியில் ‘கலம்’ என்பது மரக்கலமா, சாலையில் உண்டு படித்தவர்களின் உரிமைப் பங்கா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்தக் காந்தளூர்ச் சாலை, கம்போளத்தை அடுத்த வலியசாலையில்தான் இருந்தது என்பது பலர் கருத்து. கலத்துக்கு வகுத்த கணக்கு பாத்திரத்துக்கு மாறிய கதையைத் தமிழில் சொல்லும்போது மட்டும் கிடைக்கிற சிலேடை இது. சிலேடைக்கு அப்பால் ஒரு விளைவும் உண்டு. உயிர், சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளக்கூடிய இருப்புத்தொகை ஆகிவிட்டது. இருப்பு தீர்ந்தாலும் மீட்கும் மந்திரம் விதிநூலிலேயே இருந்தது.

மேசையிலிருந்து கணினிக்கு வந்தபோது இந்தக் கணக்கு இரண்டு விதமாகப் பிரிந்தது. 1980இல் வந்த ‘ரோக்’ கறாரானது. செத்தால் சேமித்த கோப்பே அழிந்துவிடும், முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் 1981இல் எழுதிய ‘விசார்ட்ரி’ வியாபார மூளையோடு செய்யப்பட்டது. பிணத்தைக் கோயிலுக்குத் தூக்கிவந்து காணிக்கை கட்ட வேண்டும். பாத்திரத்தின் தகுதி உயர உயரக் காணிக்கையும் உயரும். சடங்கு தவறினால் பிணம் சாம்பலாகும். சாம்பலிலும் தவறினால் ஆள் ‘தொலைந்தார்’, அவ்வளவுதான். அச்சு அசலான வாராக்கடன். மொத்தக் கூட்டமும் பாதாளத்தில் மடிந்தால் பிணங்கள் அங்கேயே கிடக்கும். புதிய கூட்டம் ஒன்றைத் திரட்டி அனுப்பித்தான் மீட்க வேண்டும்.

யூஜி ஹோரி 1986இல் ஜப்பானில் உருவாக்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ இந்தக் கடுமையைத் தளர்த்தியது. தோற்ற நாயகன் அரசர் முன்னால் கண் விழிப்பான். கையிருப்புத் தங்கத்தில் பாதி போயிருக்கும். பெற்ற அனுபவம் அப்படியே இருக்கும். புதிதாக ஆட வருகிறவர் மனம் தளரக் கூடாது என்பது நோக்கம். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் செத்த தோழர்கள் சவப்பெட்டிகளாக நாயகன் பின்னால் வரிசையாக நகர்ந்து வருவார்கள். பார்க்கச் சிரிப்பு வரும். காசு கட்டும்வரை பெட்டி பின்தொடரும் என்பதைக் கடைத்தெருவில் வளர்ந்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கதை உடைத்தது. 1989இல் செகா வெளியிட்ட ‘ஃபேன்டசி ஸ்டார் II’இல் செத்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு மறுபடி வார்த்துத் தரும் குளோன் கூடங்கள் உண்டு. நெய் என்ற பெண் இறந்தபோது மட்டும் அந்தக் கூடத்தால் மீட்க முடியவில்லை. 1997இல் ‘ஃபைனல் ஃபேன்டசி VII’ ஏரித் என்ற பூக்காரியைக் கதையின் நடுவில் கொன்றபோது உலகம் முழுக்க ஆடியவர்கள் கலங்கினார்கள். அவளுக்காக மெனக்கெட்டு வளர்த்த திறன்கள் எல்லாம் அவளோடு போயின. சண்டையில் விழுந்தவரை எழுப்பும் பீனிக்ஸ் இறகு பையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வி இன்றும் கேலியாகச் சுற்றுகிறது. அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு சாவு: கடையில் தீர்கிற சாவு, கதையில் தீராத சாவு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத அந்த ஆட்டத்துக்குத் தெரியவில்லை.

‘ஃபயர் எம்பளம்’ 1990இலேயே வேறு வழியில் முயன்றது. களத்தில் விழுந்தவர் கதையிலிருந்தும் போய்விடுவார். ஆனால் ஒருவர் விழுந்தவுடன் கருவியை அணைத்து, சண்டையை முதலிலிருந்து தொடங்குவது ஆடுபவர்களின் வழக்கமாகிப்போனது. பிடிக்காத பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கணக்கைத் திருப்பி எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2010இல் அந்த வரிசையே சாவு நிலைக்காத எளிய முறை ஒன்றையும் சேர்த்துக்கொண்டது.

செலவு யார் தலையில் என்று கேட்ட ஆட்டம் 1999இல் வந்தது. பிளாக் ஐல் நிறுவனத்துக்காகக் கிறிஸ் அவலோன் தலைமையில் உருவான ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ அது. நாயகனுக்குப் பெயர் இல்லை, சாவும் இல்லை. பிணக்கிடங்கு மேசையில் எழுந்திருக்கிறான், உடம்பெல்லாம் தழும்பு, நினைவு துடைத்துக் கிடக்கிறது. முதலில் இது வசதியாகப் படும்; செத்தாலும் எழுந்துவிடுகிறான், சில புதிர்களுக்குச் செத்துப்பார்ப்பதே வழி. கதையின் பின்பகுதியில்தான் உண்மை வெளிவருகிறது. அவன் செத்து எழுந்த ஒவ்வொரு முறையும் எங்கோ ஒருவர் அவனுக்குப் பதிலாகச் செத்திருக்கிறார். அந்த நிழல்களே அவனை வேட்டையாடுகின்றன. 25 ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் யோசிக்காமல் அழுத்திவந்த ‘மறுபடி தொடங்கு’ பொத்தானுக்குப் பின்னால் ஒரு பற்றுச்சீட்டு இருந்திருக்கிறது. அதில் அடுத்தவர் பெயர். இந்தத் துறையில் சாவைப் பற்றிய ஆகச் சிறந்த சிந்தனை இதுதான் என்பது என் கணிப்பு.

அதன்பின் வந்தவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். ஹிடெடகா மியாசாகி இயக்கிய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009) ஆன்மாக்களையே நாணயமாக்கியது. செத்தால் சேர்த்ததெல்லாம் விழுந்த இடத்தில் கிடக்கும்; அங்கே போய்ச் சேர்வதற்குள் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) பக்கம் கிழிக்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தது. ஒருத்தியைக் கொன்றுவிட்டு மனம் கேளாமல் பழைய சேமிப்புக்குத் திரும்பி அவளைக் காப்பாற்றினால், நீ முதலில் செய்தது எனக்குத் தெரியும் என்று ஆட்டத்தில் ஒரு பூ சொல்லிக்காட்டும்.

இந்தியாவிலிருந்து வந்த பங்களிப்பு சிறியது, ஆனால் தனித்தடம் கொண்டது. பைரோடாக்டில் என்ற சிறு இந்திய நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி 2014இல் ‘அன்ரெஸ்ட்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பழைய இந்தியாவின் சாயலில் பீம்ரா என்ற கற்பனை நகரம்; பஞ்சம், கலகம், நாகர்களோடு உடன்படிக்கைப் பேச்சு. ஆடுபவர் ஒரே நாயகனாக இருப்பதில்லை; பெற்றோர் நிச்சயித்த கல்யாணத்தோடு மல்லுக்கட்டும் கிராமத்துப் பெண் முதல் அரண்மனைவாசி வரை ஆள் மாறிக்கொண்டே இருப்பார். சண்டையைப் பெரும்பாலும் பேச்சாலேயே தவிர்க்கலாம். தவிர்க்க முடியாமல் ஒருவர் மாண்டால் ஆட்டம் முடிவதில்லை. அவர் இல்லாத ஊரில் அடுத்தவரோடு கதை நகர்கிறது. ஆட்டம் குட்டையானது, கைப்பக்குவமும் ஆங்காங்கே போதாது.

எனக்கு அதை ஆடும்போது நினைவுக்கு வந்தவர் சாலையிலேயே கடை நடத்திக்கொண்டு சாலையையே எழுதிய ஆ. மாதவன் (1934–2021). அவர் கதைகளில் சுமடு தூக்குகிறவரும் சில்லறைப் போக்கிரியும் வந்து போவார்கள், நிலைத்திருப்பது தெரு. பீம்ராவிலும் அப்படித்தான். இறந்தவரின் கணக்கு அவரோடு மூடிவிடுகிறது, அடுத்த அத்தியாயத்தில் ஊர் விழித்துக்கொள்கிறது, ஆடுபவரின் கையில் இப்போது வேறொருவர்.