லினக்சு கருனி அமைவடிவத் தெரிவுகளின் வரலாறு

லினக்சு கருனி அமைவடிவத் தெரிவுகள் என்பவை, லினக்சு இயக்குதளத்தின் மையமான கருனியைக் கட்டமைக்கும்போது எவ்வசதிகள் சேர வேண்டும், எவை விலக வேண்டும் என்று தீர்மானிப்பவை ஆகும். ஆயிரக்கணக்கான இத்தெரிவுகளுள் பல, பயனர் கண்ணில் படாமல் மறைந்திருக்கும். சில காலப்போக்கில் பெயர் மாறியுள்ளன. இதனால் பழைய கோப்பைக் கொண்டு புதிய கருனியைக் கட்டுவோர், முன்பு தேர்ந்த பாதுகாப்பை அறியாமலே இழக்க நேரிடலாம்.

மறைந்த தெரிவுகள்

2002இல் ரோமன் சிப்பெல் உருவாக்கிய 'கேகான்ஃபிக்' முறை, 2.5.45 பதிப்பில் சேர்ந்தது. இம்முறையில் ஒரு தெரிவு சார்ந்திருக்கும் மற்றொன்று அணைந்திருந்தால், அது பட்டியலில் தோன்றாது. கேள்வி வாசகம் இல்லாத தெரிவுகளைப் பயனர் நேரடியாக மாற்றவும் இயலாது. பிற தெரிவுகளே அவற்றை இயக்கும்.

பெயர் மாற்றங்கள்

நுட்பமான தெரிவுகளை வெளிக்காட்டும் திறவுகோலாக 'எம்பெடெட்' என்ற தெரிவு இருந்தது. உட்பொதி கருவிகளுக்கு மட்டும் உரியது என்று அப்பெயர் எண்ணவைத்ததால், 2011இல் அது 'எக்ஸ்பர்ட்' ஆயிற்று. 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற தெரிவையோ, ஏறத்தாழ எல்லாரும் இயக்கியே வைத்திருந்தனர். பொருளிழந்த அது, பின்னர் நீக்கப்பட்டது.

2018இல் நிகழ்ந்தது இன்னும் முதன்மையானது. செயற்கூறு திரும்பவேண்டிய முகவரியை, நினைவக வழிவு வழியே தாக்குநர் மாற்றுவதைக் கண்டறிவது 'ஸ்டாக் புரொடெக்டர்' என்னும் காப்பு. தொகுப்பிக்கு ஏற்ற வலிமையான காப்பைத் தானே தேர்ந்த 'ஆட்டோ' தெரிவு நீக்கப்பட்டது. பழைய கோப்பில் வலிமையான காப்பு தனியே குறிக்கப்படாததால், புதுப்பிக்கையில் அது அணைந்து, எளிய காப்பே எஞ்சும் நிலை வந்தது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இந்த ஆபத்தைச் சுட்டிய லினசு டோர்வால்டுசு, இரு தெரிவுகளின் பெயர்களிலும் இருந்த 'சிசி' முன்னொட்டை நீக்கினார். பெயர் புதிதானதால் பழைய விடை செல்லாமல் போயிற்று. கருவி மீண்டும் கேட்டது. பெயர் மாற்றமே இங்கு காப்பாக அமைந்தது.

கோப்பிலுள்ள அறியாப் பெயர்களை, விரும்பினால் எச்சரிக்கையாகக் காட்டும் வசதி 2023இல் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' லினக்சை உருவாக்கியது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்களிடமும் அது சென்றது. அவர்களுக்கான தெரிவுகளை வழங்கல் உருவாக்குநர்களே முடிவு செய்தனர். எனினும் அம்முடிவுகள் பூட்டிய பெட்டியல்ல. டெபியன் வழிவந்த கணினிகளில் 'பூட்' கோப்புறையில், 'கான்ஃபிக்' எனத் தொடங்கும் உரைக்கோப்பாக அவை உள்ளன. எவரும் திறந்து படிக்கலாம்.